மாம்பலம் வருவதற்குள்

விளம்பரக் கம்பெனியில் நான் மேனேஜர் ஆவதற்குக் காரணமான வாசகம் என்னுடையது அல்ல. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசிக்கு வைத்தால் எழுதாமல் விட்டுவிடுவேன்.

அறுபதுகளில், மவுண்ட் ரோட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் நான் தமிழ் வாசகம் எழுதினேன். என் நண்பன் படம் வரைந்தான். இருவருக்கும் வீடு தாம்பரத்தில், போவது ஒரே ரயிலில். பம்பாயிலிருந்து வரும் ஆங்கில விளம்பரங்களைத் தமிழாக்குவதுதான் எனக்கு இட்ட வேலை. அப்படி ஆக்கியது எதுவும் தமிழ் போல ஒலிக்காது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். எழுதியதை ரயில் பெட்டியில் வாய்விட்டுப் படிப்போம். எதிரே கூடையோடு வரும் பூக்கார அம்மாள், மாம்பலத்தில் இறங்குவதற்குள் அதைத் தானாக ஒரு தரம் திருப்பிச் சொன்னால் வாசகம் தேறியது. சொல்லாவிட்டால் கிழித்து ஜன்னல் வழியே போட்டுவிடுவோம்.

“இன்னா சார், இன்னிக்கு இன்னா விக்கிறீங்க?” என்று அவளே கேட்பாள்.

ஒரு சலவை சோப்புக்காக மூன்று வாரமாகக் கிழித்துக்கொண்டிருந்தோம். “நிலவைப் பழிக்கும் வெண்மை” என்று ஒரு நாள் படித்தேன்.

“நெலாவுலயே கறை கீதே சார்” என்றாள். பெட்டியே சிரித்தது.

குரோம்பேட்டை தாண்டும்போது நண்பன் சொன்னான்: “எங்க வீட்ல வேட்டி நல்லாத்தான் வெளுக்குது மச்சான். அவ கைதான் பாவம், செவந்து போவுது. வேட்டி வெளுக்கட்டும், கை சிவக்க வேணாம்னு ஒரு சோப்பு வந்தா நானே வாங்குவேன்.”

பல்லாவரத்திலேயே அந்த அம்மாள் அதை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். ‘வேணாம்’ என்பதை ‘வேண்டாம்’ ஆக்கியது மட்டும்தான் என் பங்கு.

சோப்பு விற்றது. சிங்கப்பெருமாள் கோவில் வரை சுவர்களில் அந்த வாசகம் ஏறியது. பம்பாயிலிருந்து வந்த முதலாளி, யாருடைய வாசகம் என்று கேட்டார். நண்பன் அடுத்த அறையில் படம் வரைந்துகொண்டிருந்தான். “என்னுடையது” என்றேன். வாசகம் எழுதுவது என் வேலை, ஆகவே வாசகம் என்னுடையது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

மேனேஜர் ஆனேன். கம்பெனி முதல் வகுப்பு சீசன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. நண்பனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனாலும் அவன் எதையும் கேட்கவில்லை. “மேனேஜர் ஆனா இன்னா மச்சான், ரயிலு ஒண்ணுதானே” என்று சிரித்தான். ரயில் ஒன்றுதான். பெட்டி வேறு.

எழுபதுகளில் ஓவியப் பிரிவுக்கு ஒரு தலைவர் வேண்டியிருந்தது. நண்பன் விண்ணப்பித்தான். இரண்டு பெண்களைக் கல்லூரியில் சேர்க்க வேண்டிய காலம் அவனுக்கு. பதினைந்து வருடம் உழைத்ததற்கு அவன் கேட்டது அந்த ஒன்றைத்தான். பம்பாயிலிருந்து எனக்கு ஒரு படிவம் வந்தது. ‘இவர் சொந்தமாக யோசிக்கக்கூடியவரா?’ என்று அதில் ஒரு கேள்வி.

ஆம் என்றால் அடுத்து உதாரணம் எழுத வேண்டும். உதாரணமாகச் சொல்ல அந்த ஒரு வாசகம்தான் நினைவுக்கு வந்தது. வேறு தேட எனக்குத் தைரியமில்லை. ‘நல்ல கை. யோசனை சொன்னால் அழகாகச் செய்வார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வேலை வெளியாள் ஒருவருக்குப் போனது. நண்பனுக்கு வந்த மறுப்புக் கடிதத்தில் என் வரியை அப்படியே சேர்த்திருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தான்.

“உட்காரு” என்றேன்.

“இருக்கட்டும் சார். இது நீங்க எழுதினதுதானே?”

அவன் என்னைத் தனியாக இருக்கும்போது சார் என்றது அதுதான் முதல் தடவை. நான் தலையை மட்டும் அசைத்தேன்.

“நல்லா வந்திருக்கு சார். சுருக்கமா இருக்கு. பூக்காரம்மாகிட்டப் படிச்சா மாம்பலத்துக்குள்ள திருப்பிச் சொல்லிடும்.”

அடுத்த மாதம் வேலையை விட்டுக் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகச் சேர்ந்தான். பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி எவ்வளவு தூரம்? நான் போகவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் ரயில் கிளம்பும் அவசரத்தில் பழைய பெட்டியில் ஏறிவிட்டேன். அந்த அம்மாள் இருந்தாள். தலை நரைத்திருந்தது.

“இன்னா சார், ஆளையே காணோம்? உன் சிநேகிதரு எங்க? அதான், வேட்டி வெளுக்கட்டும்னு சொன்னாரே, அவுரு?”

“வேற ஊருக்குப் போயிட்டாரும்மா.”

“எங்க தெரு செவுத்துல கூட அது கீது சார். அதுக்கு அவருக்குப் பெரிய வேலையா குடுத்திருப்பாங்களே?”

“குடுத்தாங்கம்மா” என்றேன்.

“நல்லா இருக்கட்டும்” என்று கூடையிலிருந்து ஒரு முழம் பூவைக் கிள்ளிக் கொடுத்தாள். “அவுரு வூட்டம்மாவப் பாத்தா குடு சார்.”

அப்போது பரங்கிமலை தாண்டியிருந்தது. மாம்பலம் வருவதற்குள் இன்னும் இரண்டு ஸ்டேஷன்கள் இருந்தன. நான் பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.