மதியம் ஒன்று முதல் நான்கு வரை

வியாபாரம் மந்தமான காலத்தில் சின்னக் கடையை எப்படி நடத்துவது என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்பதுண்டு. இரண்டாயிரத்து எட்டிலும் ஒன்பதிலும் எங்கள் தெருவில் பல கடைகள் பூட்டியபோது என் கடை நின்றது, அதனால் கேட்கிறார்கள். நானும் தெரிந்ததைச் சொல்கிறேன். சொல்லாமல் விடுவது ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கடை, பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் ஒரு மேட்சிங் சென்டர். புடவைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி, லைனிங், ஃபால்ஸ் எல்லாம் கிடைக்கும். கடையில் நானும், பதினொரு வருஷமாக வேலை பார்த்த ஒரு பெண்ணும்தான். அவள் குருசுக்குப்பத்துக்காரி, நாற்பதை ஒட்டிய வயது, புருஷன் கடலுக்குப் போகிறவன். புடவையைக் கையில் வாங்கியதும் நேரே வாசலுக்குப் போய் வெயிலில் ஒரு தடவை பார்ப்பாள். "டியூப்லைட்டு பொய் சொல்லும்ணே" என்பாள். திரும்பி வந்து நூறு கட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒன்றை உருவினால் அதுதான் அந்தப் புடவைக்கு. முதலாளி என்று பெயர் வைத்துக்கொண்ட எனக்கு, வெங்காயத்தோல் கலருக்கும் ரோஸுக்கும் இருக்கும் வித்தியாசம் இன்னும் பிடிபடவில்லை.

இரண்டாயிரத்து எட்டுக் கடைசியில் உழவர்கரைப் பக்கத்துக் கம்பெனிகளில் ஷிப்டைக் குறைத்தார்கள். ஏற்றுமதித் துணி தைத்த பெண்கள் பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள். புதுப் புடவை எடுக்காதவள் மேட்சிங் தேடி ஏன் வரப்போகிறாள்? பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வருகிற வீட்டை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். அந்த வீட்டு அம்மாக்கள் மட்டும் வழக்கம்போல வந்தார்கள்.

வியாபாரிகள் கூட்டம் ஒன்றில் சென்னையிலிருந்து ஒருவர் வந்து யோசனை சொன்னார். ஓடாத சரக்கை மறுபடி வாங்காதே, இருப்பதை முதலில் தள்ளு என்றார். செய்தேன், நல்ல யோசனை. துணியோடு ஏதாவது ஒரு வேலையையும் சேர்த்துக் கொடு என்றார். ஃபால்ஸ் தைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். புதுப் புடவை எடுக்காதவர்கள் பழைய புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கடையைத் தூக்கி நிறுத்தியது அதுதான். கடைசியாக, "எல்லாரும் மூடும்போது நீங்கள் திறந்திருங்கள்" என்றார். கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் ஊர்க் கடைகள் மதியம் ஒரு மணிக்குப் பூட்டி நான்கு மணிக்குத் திறப்பவை. வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம் என்பார்கள். யார் விட்டுப்போனால் என்ன, அந்த நேரத்தில் ஊர் தூங்கும். என் கடைப் பெண்ணுக்கு மட்டும் அது தூங்கும் நேரம் இல்லை. வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. மதியம் ஓடிப் போய் உடம்பைத் துடைத்து, புரட்டிப் போட்டு, கஞ்சி ஊட்டிவிட்டு நான்கு மணிக்கு வந்து நிற்பாள். எனக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. நன்றாகத் தெரியும்.

"நாளையிலருந்து மதியமும் தொறக்கறோம். சாப்பாடு கட்டிக்கினு வந்துடும்மா" என்றேன்.

"மாமியாரு இருக்குதேண்ணே."

"கொஞ்ச நாளைக்குத்தாம்மா. யாரையாவது பாத்துக்கச் சொல்லேன்."

ஓரகத்தியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தாள். மூன்று வாரம் மதியமும் திறந்து வைத்தோம். ஃபேன் சுற்றியது, தெருவில் நாய் படுத்திருந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி உள்ளே வந்து கடற்கரைக்கு வழி கேட்டுவிட்டுப் போனாள். மதிய வியாபாரம் என்று பார்த்தால் அவ்வளவுதான். ஒரு வாரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் "இன்னாப்பா, நாய்க்கு மேட்சிங்கா?" என்று கேட்டதில் எனக்கு ரோஷம் வந்து, பூட்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

நான்காவது வாரம் ஒரு நாள் பன்னிரண்டரைக்கே அவள் என் முன்னால் வந்து நின்றாள். "முதுகுல புண்ணு வந்துட்டுச்சுண்ணே. ஓரகத்தி சரியா புரட்டிப் போட மாட்டேங்குது. மதியத்துக்கு மட்டும் வுட்டுடுண்ணே, போயிட்டு வந்துடறேன்."

கடையில் ஈ காக்கை இல்லை. போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் புத்தி எங்கே புல் மேயப் போயிருந்ததோ, "வீடுதான் முக்கியம்னா வீட்டுலயே இருந்துக்க" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. கத்திரிக்கோலை மேசைமேல் வைத்தாள். அவிழ்த்துப் போட்டிருந்த கட்டுகளைச் சுருட்டி அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, "வரேண்ணே" என்று போனாள். நாளைக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. பத்து நாள் கழித்து நான் மதியம் பூட்ட ஆரம்பித்தேன். அதற்குள் அவள் இரண்டு தெரு தள்ளி வேறொரு மேட்சிங் சென்டரில் சேர்ந்துவிட்டாள்.

சொல்தா வீட்டு அம்மாக்கள் வருவார்கள், "அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்பார்கள், நான் எடுத்துப் போடும் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஃபால்ஸ் வேலையில் கடை ஓடியது. ஆனால் மேட்சிங் சென்டர் என்ற பலகையை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

மறு வருஷம் என் மச்சினன் கல்யாணம். என் மனைவி எடுத்த பட்டுப் புடவை, ஒரு பக்கம் பார்த்தால் அரக்கு, திருப்பிப் பார்த்தால் கத்தரிப்பூ. என் கடை முழுக்கக் கொட்டிப் பார்த்தும் பொருத்தமாக ஒன்றும் அமையவில்லை. மனைவி என்னிடம் சொல்லாமல் புடவையை எடுத்துக்கொண்டு அவளிடம் போயிருக்கிறாள். மதியம் கடை பூட்டும் நேரத்தில் திரும்பி வந்தாள், கையில் புடவை மட்டும்தான் இருந்தது.

"அவகிட்டயும் இல்லையா?" என்றேன்.

"வெயில்ல வச்சுப் பாத்தா. 'இங்க இல்ல அண்ணி, நம்ம கடையிலதான் இருக்குது. மேல் தட்டுல, லைனிங் கட்டுக்குப் பின்னால ஒரு துண்டு கெடக்கும். அண்ணனுக்குத் தெரியாது'ன்னா."

ஸ்டூல் போட்டு ஏறினேன். இருந்தது. வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் புடவைமேல் விரித்தேன். எது துணி, எது புடவை என்று எனக்கே தெரியவில்லை.

அவளுடைய மாமியார் எப்படி இருக்கிறாள் என்று மனைவியிடம் கேட்டேன். நான் அவளைக் கடையை விட்டு அனுப்பிய இரண்டாம் மாசமே உயிர் போய்விட்டதாம். மனைவி இதைச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்போதே போய், தப்பு என்னுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டே தெரு. ஒன்று முதல் நான்கு வரை எனக்கு வேலையும் கிடையாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன்.