மாறி ஓடிய ரீல்

அன்று சாயங்காலம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டூரிங் கொட்டகையில் பெண்கள் பக்கத்து மணலைக் குவித்து மேலே ஏறி உட்காருவேன். பின்னால் இருப்பவள் முதுகில் இடிப்பாள். கலைப்பேன். மறுபடி குவிப்பேன்.

மறுநாள் காலை கோவில்பட்டி பஸ்ஸில் பெரியம்மா என்னைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதியில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அம்மாவும் அப்பாவும் ஒரே கோடையில் செத்துப்போன பிறகு அவள் வீட்டில்தான் இருந்தேன். அவளுக்கே நான்கு பிள்ளைகள். அந்த வருஷமும் மழை ஏமாற்றியது. கரிசல் வாயைப் பிளந்து கிடந்தது, பருத்தி முளைக்கவே இல்லை. அனுப்புமுன் ஒரு படமாவது பார்க்கட்டும் என்று அழைத்து வந்திருந்தாள்.

அநாதைப் பிள்ளை ஒருத்தி ஊர் ஊராகப் பாடித் திரிந்து ஒரு வீட்டில் சேர்கிற படம். பாட்டுக்குப் பாட்டு கொட்டகையே கூடப் பாடியது. நான் திரையைப் பார்த்ததைவிட, அந்த வெளிச்சம் வந்து வந்து போன பெரியம்மாவின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

இடைவேளை முடிந்ததும் அந்தப் பிள்ளைக்கு வீடு கிடைத்துவிட்டது. புதுப் பாவாடை, ஊஞ்சல், அம்மா என்று கூப்பிட ஒருத்தி. பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். அடுத்த ரீல் ஓடியது. அதே பிள்ளை கிழிசல் பாவாடையோடு தெருவில் நனைந்துகொண்டு பாடினாள்.

“ஏலே, ரீல மாத்திப் போட்டுட்டாம்லே!” ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்கள் பக்கம் யாரும் காதில் வாங்கவில்லை.

“பாத்தியளா மதினி, வெரட்டிட்டாவ!” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“சோத்தப் போட்டு, ஊஞ்சல்ல வச்சு ஆட்டிட்டு, இப்பம் தெருவுல தள்ளுதாளே பாதகத்தி,” என்று பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். “அவ வெளங்குவாளா?”

ஆண்கள் கத்தியது எனக்குக் கேட்டிருந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். அழட்டும், இன்னும் அழட்டும் என்று இருந்தது. ஒன்பது வயதில் அப்படியும் நினைக்க வரும்.

காலையில் டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. பெரியம்மா கண் வீங்கியிருந்ததைப் பார்த்து, ஆண்கள் பக்கம் உட்கார்ந்து படம் பார்த்திருந்த பெரியப்பா சிரித்தார். “கூறுகெட்டவளே, அது ரீல் மாறிப்போச்சு. கடைசில அந்தப் பிள்ள வீட்டுலதான் இருக்கு.”

பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். “ஒனக்குத் தெரியுமாட்டி?”

தலையாட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். பெட்டி மூடி கிறீச்சிட்டது. கண்ணைத் திறந்தால், என் பாவாடைகளை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

“பஸ்ஸு போயிரும்ட்டி,” என்றார் பெரியப்பா.

“போகட்டும். அடுத்த வாரம் பாப்போம்.”

கல்யாணமாகி நான் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை அவள் அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்கவே இல்லை. நான்தான் காலை பஸ் சத்தத்துக்கு விழித்து, அது ஊரைத் தாண்டுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன்.