காலைப் பார்க்கும் டொக்டர்

கதவைத் திறந்ததும் டொக்டர் ஏர்ல் காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைப் பார்க்கிறார். வட்டை வயலின் சேறு ஒட்டிய கால், வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வந்த கால். அதற்குத்தான் முதல் இடம். யுத்தம் தொடங்கியபின் அக்கரை ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது. பொழுது பட்டால் தோணி ஓட இராணுவம் விடாது.

“காய்ச்சல் ரெண்டு கரையிலயும் ஒண்டுதான். டொக்டர்தான் ஒரு கரையில இரிக்கான்” என்பார்.

இந்த ஒழுங்கு தேற்றாத்தீவு முழுக்கத் தெரியும். கடைக்கார வினாயகமூர்த்தி ஒருநாள் முழங்கால் வரை சேற்றோடு வந்து முன்வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். டொக்டர் நாடி பிடித்தபடியே கேட்டார்: “என்ன முதலாளி, கடைக்குள்ள வேளாண்மை செய்யிறீங்களோ?” வாங்கெல்லாம் சிரித்தது. முதலாளியும் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்.

டொக்டருக்குப் பெரிய உடம்பு. மருந்துப் போத்தல் காலியானால் அதோடு சண்டை பிடிப்பார். சப்பாத்தை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது. தானே துடைத்துத் தானே ரசிப்பார்.

சென்ற வெள்ளி மாலை, கடைசி ஆளாக இலட்சுமிப்பிள்ளை உள்ளே வந்தாள். நல்ல சேலை, கழுவிய கால், தோளில் காய்ச்சலோடு துவண்ட மகன்.

“இஞ்ச எந்தப் பக்கம் புள்ள?”

“நான் அக்கரை ஐயா. காலையிலயே வந்திட்டன்.”

“மறுகா ஏன் பின்னுக்கு இருந்தாய்?”

“நீங்க கூப்பிடல்லையே. டொக்டரிட்டச் சேத்துக் காலோட வரலாமா? கிணத்தடியில கழுவிட்டுத்தான் வந்தன்.”

டொக்டர் பையனின் நெஞ்சில் வைக்கக் குழாயை எடுத்தார். அதற்குள் உதவியாளர் நல்லரத்தினம் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: “ஐயா, கடைசித் தோணி வெளிக்கிடுது.”

அவள் மகனைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “வீட்டில கைக்குழந்தை, பால் குடிக்காமக் கிடக்கும் ஐயா.”

டொக்டர் பையை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் துறைக்கு ஓடினார். அந்த உடம்பு ஓடுவதை ஊர் அன்றுதான் பார்த்தது.

“பொழுது படுது ஐயா. ஆமிச் சென்றியில இருந்து சுடுவானுகள்” என்றார் தோணிக்காரர் இளையதம்பி.

“சுட்டா என்னிலதான் முதல்ல படும். நான்தானே பெரிசு. கொஞ்சம் பொறு.”

சப்பாத்தோடு சேற்றில் இறங்கி, தோணியை இடுப்பால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, பையனின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மருந்தை அவள் மடியில் வைத்து, எப்படிக் கொடுப்பதென்று இரண்டு முறை சொல்லி, தோணியைத் தள்ளிவிட்டார். வெளிச்சம் மங்குமுன் அது அக்கரை சேர்ந்ததைப் பார்த்த பிறகே திரும்பினார்.

நல்லரத்தினம் கிணற்றடியில் தண்ணீர் அள்ளி வைத்திருந்தார். டொக்டர் கழுவவில்லை. சேறு வழியும் சப்பாத்தோடு உள்ளே போய், இலட்சுமிப்பிள்ளை பகல் முழுக்க இருந்த கடைசி வாங்கில் உட்கார்ந்து, அங்கிருந்து தன் கதவைப் பார்த்தார்.