குறையாத பால் டப்பா

தைத்து முடித்த சட்டையில் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஆயத்த ஆடை ஆலையில், நீள மேசையின் கடைசியில், ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே நிற்பாள். சட்டை கைக்கு வந்ததும் காலரை மடக்கிப் பார்ப்பாள், அக்குள் தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பாள், உள்ளே புரட்டி நூல் தொங்குகிறதா என்று தடவுவாள். குறை இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவளிடமே திருப்பி அனுப்பிவிடுவாள். எண்ணெய்க் கறையா, துருக் கறையா, வியர்வைக் கறையா என்று தொடாமலே சொல்வாள். தையல் வரிசைப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தானைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் நின்றாள் என்று ஒரு கதை உண்டு. பொய்யாக இருக்காது.

கட்டியவன் அதற்கு நேர் எதிர். வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். கேனைத் தோளில் சுமந்து மேல்மாடி வரை ஏறியபின், “நாளைக்கு வாப்பா, சில்லறை இல்லை” என்று யாராவது சொன்னால், “சரிங்க” என்று இறங்கி வந்துவிடுவான். உலகத்தில் எல்லாரும் நல்லவர்கள் என்பது அவன் கட்சி. அப்படி ஒருவன் இருக்கிற வீட்டில் இன்னொருத்தியாவது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டாமா? வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. வயிற்றோடு சேர்ந்து சந்தேகத்துக்கும் மாதம் ஏறியது. கையில் இருப்பதை வைத்துக்கொண்டுதான் எல்லாம் தயார் செய்தாக வேண்டும். அவனுடைய பழைய பருத்திச் சட்டைகளைக் கிழித்துப் பிள்ளைக்கு அடித்துணி ஆக்கினாள். அக்கம்பக்கத்தார் தங்கள் குழந்தைகள் போட்ட உடுப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். சாயம் போனாலும் பரவாயில்லை, சங்கடம் வரக் கூடாது.

தொட்டில் வாங்கப் போன கதை அந்தத் தெருவில் இன்னும் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. பழைய மரத் தொட்டில் ஒன்றை மலிவாகத் தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டாள். பிள்ளை வளர்ந்துவிட்டான் என்றார். எங்கே, கூப்பிடுங்கள் பார்ப்போம் என்றாள். அரும்பு மீசையோடு ஒருவன் உள்ளேயிருந்து வந்து நின்றான்.

“இதுலதான் படுத்திருந்தியா?”

“எனக்கெப்படிக்கா ஞாபகம் இருக்கும்?”

அந்தப் பதிலும் அவளுக்குத் திருப்தியாக இல்லை. தொட்டிலைக் கவிழ்த்துப்போட்டு, இடுக்கில் எல்லாம் ஹேர்பின்னை விட்டுக் குத்திப் பார்த்தாள். மூட்டைப்பூச்சி ஒன்றும் அகப்படவில்லை. அப்படியானால் வேறு என்னவோ குறை இருக்க வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே தூக்கி வந்தாள். பின்னால் தொட்டிலின் ஒரு காலைப் பிடித்து வந்த புருஷன், “நல்ல மரம்” என்று சொல்லி ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டான்.

பெண் குழந்தை பிறந்தது. கறுத்து, சுருங்கி, கோபக்கார முகத்தோடு வந்தது. அவள் அதன் விரல்களை ஒருமுறைக்கு இருமுறை விரித்துப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளில் குறை ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் விடுப்பு என்ன காலமெல்லாமா கொடுப்பார்கள்? வேலைக்குப் போகாவிட்டால் மேசை இன்னொருத்திக்குப் போய்விடும். தண்ணீர் கேனை மட்டும் நம்பி மூன்று வயிறு நிறையாது. அவளைப் பெற்றவள் உயிரோடு இல்லை. அவனைப் பெற்றவள் தூரத்தில் மூத்த மகன் வீட்டில் முட்டிவலியோடு கிடக்கிறாள். மிச்சம் இருந்தது மாடி வீட்டுக்காரிதான். வெல்டிங் பட்டறைக்காரனின் மனைவி, பருத்த உடம்பு, மூன்று வீடு தாண்டிக் கேட்கிற சிரிப்பு. அவளுக்கும் ஒரு பெண், அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்ன வேண்டும் என்று இவள் கேட்டதற்கு, “ஒண்ணோட ரெண்டா இருந்துட்டுப் போகுது. உன்னால முடிஞ்சதைக் குடு” என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் வினை ஆரம்பித்தது. இவ்வளவு வேண்டும் என்று அடித்துக் கேட்கிறவளை நம்பலாம். முடிந்ததைக் கொடு என்கிறவளை எப்படி நம்புவது? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். அவளோ பல்லை மட்டுமா பார்ப்பாள், குளம்பையும் தூக்கிப் பார்க்கிற ரகம்.

பாலும் அவளுக்குச் சரியாக ஊறவில்லை. நாளெல்லாம் நின்று வேலை, ஓட்டமாக ஓடி வருவது. ராத்திரியில் மார்பில் இருப்பதைக் கொடுப்பாள். பகலுக்கு டப்பாப் பால். புட்டியையும் பால்மாவு டப்பாவையும் காலையில் மாடியில் கொடுத்துவிட்டுப் போவாள், மாலையில் பிள்ளையை வாங்கும்போது டப்பாவைத் திறந்து பார்ப்பாள். அந்தப் பால்மாவு விற்கிற விலைக்கு அதை மாவு என்பதே தப்பு, பொன்தூள் என்று சொல்ல வேண்டும்.

மாவு களவு போகும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்கு என்ன சண்டை போடுவது என்றுகூட மனதில் தைத்து வைத்திருந்தாள். நடந்தது வேறு. மாவு குறையவே இல்லை. போட்டது போட்டபடி இருந்தது.

குறைந்தால் திருட்டு. குறையாவிட்டால்? பகல் முழுவதும் பிள்ளைக்கு எதைக் கொடுக்கிறாள் அந்த மாடி வீட்டுக்காரி? கஞ்சித் தண்ணீரா? சர்க்கரையைக் கரைத்து ஊற்றித் தூங்க வைக்கிறாளா? பிள்ளையின் வாயை முகர்ந்து பார்த்தாள். பால் வாசம்தான். தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் எடை பார்த்துவிட்டு, நன்றாக ஏறியிருக்கிறது, நல்லா பாத்துக்கறீங்க என்று பாராட்டினாள். பாராட்டைக் கேட்டுச் சந்தேகம் இன்னும் ஒரு படி ஏறியது. ஒரு விடுமுறை நாளில் தானே புட்டியைக் கலக்கிக் கொடுத்தபோது பிள்ளை நாக்கால் தள்ளித் துப்பியது. உடனே டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், போலி மாவு விற்கிறாயா என்று கடைக்காரனோடு ஒரு மூச்சு சண்டை போட்டுவிட்டு வந்தாள்.

புருஷன் அவளைத் தேற்றப் பார்த்தான்.

“பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு. டப்பாவும் குறையலை. இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?”

“எலி அம்மணமா ஓடினாலும் அதுக்கு ஒரு காரணம் இருக்கும். நீங்க பேசாம படுங்க.”

அவன் சரி என்று படுத்துவிட்டான். அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆலையிலிருந்து கொண்டுவந்த அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, டப்பாவின் உட்சுவரில், அம்பின் முனை மாவைத் தொடுகிற மாதிரி கீழ்நோக்கி ஒட்டினாள். குறைந்தால் ஒரு நூல் அளவுகூடத் தப்பாது.

அன்று மாலை திறந்து பார்த்தால், மாவு இறங்கியிருந்தது. ஒரு நாளைக்குப் பிள்ளை எவ்வளவு குடிக்க வேண்டுமோ, அளந்து எடுத்தாற்போல் அவ்வளவு. மறுநாளும் அப்படியே.

வேறொருத்தியாக இருந்தால் அப்பாடா என்று இருப்பாள். இவள் மறுபடி கணக்குப் போட்டாள். நேற்றுவரை குறையாதது, அடையாளம் வைத்ததும் குறைகிறது என்றால், தான் வேவு பார்ப்பது மாடி வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிட்டது. இப்போது மாவை எடுத்து என்ன செய்கிறாள்? விற்கிறாளா? பிள்ளைக்கு இன்னும் அந்தக் கண்காணாத எதுவோதான் போகிறதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது உண்மைதான். ஆனால் பெற்ற பிள்ளையை இருட்டில் விட்டுவிட்டு வந்தவள் அரளாமல் என்ன செய்வாள்? மேசையில் சட்டைகள் குவிந்தன. பொத்தான் இல்லாத சட்டை ஒன்று அவள் கையைத் தாண்டிப் போனது. மேற்பார்வையாளன் அதைத் தூக்கிக் காட்டி, பூதக்கண்ணாடியில் விரிசலா என்று கேட்டான்.

அந்த வாரத்தில் ஒரு மதியம் ஆலையில் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் படுத்துக்கொண்டது. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் வந்த வேகத்தில் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் மாடிப்படி ஏறினாள். கதவு ஒருக்களித்திருந்தது. தொட்டில் துணியில் பிள்ளை தூங்குகிறது. பெரிய குழந்தை தரையில் கரண்டியால் தட்டி விளையாடுகிறது. மாடி வீட்டுக்காரி குந்தி உட்கார்ந்து, பால்மாவை டப்பாவிலிருந்து அள்ளி ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஜாடி முக்கால்வாசி நிறைந்திருந்தது.

கையும் களவுமாக அகப்பட்டாள். இவள் கத்தவில்லை.

“யாருக்கு விக்கறதுக்குக்கா?”

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் மாடி வீட்டுக்காரி வாயைத் திறக்கவில்லை. கரண்டி கையிலேயே நின்றது. அவள் வாய் மூடி இவள் பார்த்ததே இல்லை. அதுவே பெரிய சாட்சியாகத் தோன்றியது. நம்பித்தானே விட்டேன், பச்சைப் பிள்ளை வயிற்றில் அடித்து என்ன கட்டிக்கொண்டு போகப் போகிறாய் என்று இவள் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டே போனாள். கேட்கக் கேட்கக் குரல் ஏறியது. அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்து அழுதது.

அப்போதுதான் இவள் அதைப் பார்த்தாள். பிள்ளை அழ அழ, மாடி வீட்டுக்காரியின் மேலுடையில் மார்புப் பக்கம் ஈரமாக ஒரு வட்டம் தோன்றியது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரவின. எத்தனையோ கறையைப் பார்த்த கண்ணுக்கு இந்தக் கறையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலைக்குத் திரும்பிய புதிதில் இவளே மடித்த துணியை உள்ளே வைத்து மறைத்த கறைதான்.

“எத்தனை நாளாக்கா?”

“மொத நாள்லேர்ந்து.”

பிறகு மாடி வீட்டுக்காரி கொட்டித் தீர்த்தாள். முதல் நாள் புட்டியைக் கண்டாலே பிள்ளை துப்பியதாம். அழுது அழுது தொண்டை கட்டிப்போனதாம். தன் பெண்ணுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள், இதையும் எடுத்து மறுபக்கம் போட்டாளாம். அது கவ்விக்கொண்டதாம். அவ்வளவுதான் கதை.

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ விட்டிருப்பியா? என் எச்சில் என்ன, ரத்தம் என்னன்னு குடைஞ்சிருப்பே. அப்புறம் அந்த டப்பாவுல அம்பு வேற ஒட்டி வச்சே, இறக்கு இறக்குன்னு. மாவு செலவாகலைன்னு கோவமோன்னு நெனச்சு, தினமும் இறக்கி ஜாடியில போட்டேன். ஒரு கரண்டி எங்க வீட்டுப் பிள்ளை வாயில போகலை.”

“அது அளவு பாக்கறதுக்கு ஒட்டினது.”

“அதை வாயால கேட்டிருந்தா என்ன? கள்ளியைப் பிடிக்கற மாதிரி செருப்பைக் கழட்டிட்டு வர்றே. இந்தா ஜாடி. குறைஞ்சிருக்கான்னு பாத்துக்கோ. நாளையிலேர்ந்து வேற ஆளைப் பாரு.”

இவளுக்குச் சுருக்கென்றது. வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? அதைவிட, பிள்ளை அழுதுகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டு இவளுக்குப் பழக்கமில்லை. குறை சொல்லித்தான் பழக்கம். வெந்நீர் எடுத்து, புட்டியைக் கலக்கி, பிள்ளையை மடியில் போட்டுக் கொடுத்துப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டது. கன்னத்தைத் தட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, மாடி வீட்டுக்காரி நின்ற பக்கம் தேடியது. தன் மார்பில் வைத்துப் பார்த்தாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு வீரிட்டது. பத்து மாதம் சுமந்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும். வயிற்றெரிச்சல் என்றால் வயிற்றெரிச்சல்தான், அதற்கு வேறு அழகான பெயர் கிடையாது.

மாடி வீட்டுக்காரி சுவரைப் பார்த்து நின்றாள். அவளுடைய ஈர வட்டம் இடுப்புவரை வந்துவிட்டது. அவளும் கையை நீட்டவில்லை, இவளும் கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளை கத்தியது.

கடைசியில் இவள்தான் எழுந்தாள்.

“அக்கா. பசிக்குது அதுக்கு.”

அதைவிட அதிகமாக இவளால் சொல்ல முடியவில்லை. மாடி வீட்டுக்காரியும் அதைவிட அதிகமாகக் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகை பாதியில் அறுந்து, மடக் மடக் என்று விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

தன் இடத்தில் இன்னொருத்தி படுத்திருப்பதைப் பார்த்த பெரிய குழந்தை தத்தித்தத்தி வந்து, அம்மாவின் முழங்காலைப் பிடித்து இழுத்துச் சிணுங்கியது. கலக்கிய பால் புட்டியோடு சும்மா இருந்த இவள், அதை இழுத்து மடியில் உட்கார வைத்தாள். புட்டியைக் காட்டினாள். அது இரண்டு கையாலும் பறித்து, கண் சொருகக் குடித்தது. அடிவரை உறிஞ்சிவிட்டு வெறும் புட்டியை ஆட்டிக் காட்டியது.

“பாத்தியா, இவ்வளவு நாள் ஜாடியில போட்டு மூடி வச்சேன்” என்றாள் மாடி வீட்டுக்காரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அத்தோடு பூதக்கண்ணாடிக்குக் கண் மூடிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மறுநாள் விடிந்ததும், பால் வழியாகப் பிள்ளைக்கு நோய் எதுவும் வந்துவிடக் கூடாது, மாடி வீட்டுக்காரி ரத்தம் சோதித்துவிட்டு வந்தால்தான் ஆயிற்று என்று ஒற்றைக்காலில் நின்றாள். நேற்றுத்தானே அக்கா அக்கா என்றாய் என்று மாடி வீட்டுக்காரி அவளை வைத வசவு தெருக்கோடி வரை கேட்டது. அக்கா வேறு, ரத்தம் வேறு என்றாள் இவள். அதில் இவள் பக்கம்தான் நியாயம். யார் என்ன சொன்னாலும் நான் அப்படித்தான் சொல்வேன்.

இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு, ஒருவரோடொருவர் பேசாமல், ஒரே குடைக்குள் நடந்து போனார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியை வைத்துக்கொண்டு, பாப்பாவுக்குப் பால் கொடுக்கறது யாரு என்று கேட்டாள்.

“ராத்திரி நானு” என்று இவள் முந்திக்கொண்டாள்.

மாடி வீட்டுக்காரி சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டே முன்னால் வந்தாள்.

“பகல்ல நானு. எடுங்க ரத்தத்தை. இவளுக்கு வேணுமாம்.”