ஆயுத பூஜையன்று அணைந்த சர்வர்

மலேசியாவின் பாடாங் மேஹாவில் எங்கள் வீட்டு வரிசையின் கடைசி வீடு சிவநேசனுடையது. கூலிம் தொழிற்சாலை ஒன்றில் கணினிப் பிரிவு வேலை. தங்கமான மனுஷன், ஆனால் மனதில் இருப்பதை வாயால் சொல்லச் சொன்னால் திருதிருவென்று முழிப்பார். மனைவி தேவகி சிங்கப்பூர் மருத்துவமனையில் தாதி. அவளுடைய ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்று அவள் முடிவு செய்ய வேண்டும். 'வந்துவிடு' என்று சொல்ல இவருக்கு நா எழவில்லை.

அதற்குப் பதிலாக அவளுக்குக் காட்ட ஓர் இணையப் பக்கம் செய்யக் கிளம்பினார், அதுதான் வேடிக்கை. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட கணினி ஒன்றைக் கொண்டுவந்து, கூடத்து அலமாரியில் சர்வராக்கினார். நிரல் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் தளம் ஒன்றை அதில் நிறுவினார். கோப்பை எழுதி அனுப்பினால் போதும், அது தானாகவே இணையப் பக்கமாகிவிடுமாம். "அடுத்தவன் இடத்துல ஏண்ணே வைக்கணும்? இது நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கும் லா," என்றார் என்னிடம்.

வேலை முடிந்து வந்த மாலைகளெல்லாம் அதோடுதான். பக்கத்தின் டொமேன் பெயரைத் திருத்தினால் பாதுகாப்புச் சான்றிதழ் முரண்டு பிடிக்கும். அதைச் சரிசெய்தால் பக்கம் வீட்டு வைஃபையில் மட்டும் திறக்கும், தெருவுக்கு வந்தால் திறக்காது. கைப்பேசியைப் பார்த்தபடி செம்பனைத் தோட்டத்து ஓரமாக நடப்பார். மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சத்தில், கால் தரையில் படுகிறதா என்றே தெரியாத நடை. ஆயுத பூஜைக்கு முதல் நாள், அந்த ஓரத்திலேயே பக்கம் திறந்துவிட்டது. வாசல் பப்பாளி மரம், தேவகியின் நாற்காலி, காலைப் பனியில் பாதி கரைந்த ஜெராய் மலை. படங்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. ஒன்றில்கூட ஆள் இல்லை. பார்த்த எனக்கே அந்த நாற்காலியில் போய் உட்காரவேண்டும் போலிருந்தது.

"நாளைக்கு மத்தியானம் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி பார்த்துரு," என்று தேவகிக்குச் செய்தி அனுப்பினார்.

மறுநாள் லீவு போட்டிருந்தார். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவிய குடும்பம். பூஜையன்று உளியைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டால், அடுத்த நாள் காலைவரை யாரும் அதைத் தொடமாட்டார்கள். அந்தப் பழக்கம் இவர் கையில் இன்னும் இருக்கிறது. ஸ்பானர், மோட்டார் சைக்கிள், தேங்காய்த் துருவி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். சர்வரையும் பக்தியோடு பொத்தானை அழுத்தி அணைத்து, துடைத்து, குங்குமமிட்டு, மேலே ஒரு செவ்வந்திப் பூ வைத்தார். சாம்பிராணிப் புகையில் வீடே மிதந்தது. நான் அங்கேதான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

மத்தியானம் தேவகி கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, பேஜ் திறக்கவே இல்ல லா. கையெழுத்துக்கு என்னை உள்ளே கூப்பிடப் போறாங்க."

சிவநேசன் அலமாரியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "பூஜையில வச்சிருக்கேன், தேவகி. ஆஃப் பண்ணிட்டேன்."

தேவகி சிரிக்கத்தான் தொடங்கினாள். பாதியில் குரல் உடைந்தது. "மெஷினுக்கு ஓய்வு குடுத்து, பொட்டு வச்சுப் பார்க்குறீங்க. என்னைப் 'போதும், வா'ன்னு ஒரு வாட்டி சொன்னீங்களா? அந்தப் பேஜ்ல அப்படி என்னதான் இருக்கு?"

சிவநேசனின் கை சர்வர் பொத்தான்வரை போனது. பூஜையில் வைத்ததைத் தொட மனம் வராமல் திரும்பி வந்தது.

"வீடு இருக்கு," என்றார். "நீ இல்லாத வீடு. வந்துரு, தேவகி."