அவ்ளோதான் அக்கா

“பாலை அடுப்புல வெச்சா பக்கத்துலயே நில்லுங்க. சாவி ஜன்னல்ல இருக்கு. அவ்ளோதான்.”

கணவரிடம் பேசிவிட்டுப் போனைப் பையில் போடுகிறார் அக்கா. டாக்ஸிக்காரருக்கு வழி சொன்னாலும் சரி, மகளைத் திட்டினாலும் சரி, பேச்சை இந்த ஒரு சொல்லில்தான் முடிப்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘அவ்ளோதான் அக்கா’. கேட்டால், “நான் முடிச்சிட்டேன்னு எதிராளிக்குத் தெரிய வேணாமா?” என்பார்.

வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்ட புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசாமல் முறைத்துக்கொண்டு நின்றால் சேர்த்துவைப்பது அவர் பிழைப்பு. வந்ததும் செருப்பை மேசைக்கு அடியில் கழற்றிவிட்டு, நாற்காலியில் சம்மணமிட்டு உட்காருவார். யாராவது தாங்கள் எழுதிய புரோகிராமைத் திறந்து காட்டப்போனால் கையால் திரையை மறைத்துவிடுவார். “உங்க பிள்ளை நல்ல பிள்ளைதான், ஒத்துக்கிறேன். நடுவுல என்ன போகுது, வருதுன்னு மட்டும் காட்டுங்க.”

இன்று அவர் உட்கார்ந்திருப்பது ஓர் ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில். தலைமை நர்ஸ் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தொட்டிலுக்குத் தொட்டில் வைத்திருக்கும் புதிய கருவிகள் குழந்தைகளின் இதயத்துடிப்பை அவர் மேசைத் திரைக்கு அனுப்புகின்றன. துடிப்பு எவ்வளவுக்குக் கீழே இறங்கினால் மணியடிக்க வேண்டும் என்று அவர் திரையிலிருந்து கருவிக்குச் சொல்ல வேண்டும். அங்கிருந்து வருவது ஒழுங்காக வருகிறது. இவர் சொல்லப்போனால் திரை உறைந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் ஒவ்வொரு தொட்டிலுக்கும் ஒரு நர்ஸைக் காவல் போட்டுவிட்டார். இனி கைவசம் ஆளில்லை. பிரசவ அறையிலோ ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது, வயிற்றில் இரட்டை. இது சரியாகாவிட்டால், பிறந்த கையோடு அந்தப் பிஞ்சுகளை வண்டியிலேற்றித் தொலைவிலுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவு தூரம் தாங்குமா?

திரைக்கான புரோகிராமை ஜாவா என்ற மொழியில் எழுதியவரும், கருவிக்கானதைப் பைத்தான் என்ற மொழியில் எழுதியவரும் எதிரெதிரே நின்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு புரோகிராம்களுக்கும் நடுவே சாக்கெட் என்ற ஒரே பாதை. பேசுவதும் கேட்பதும் அதன் வழியாகத்தான்.

“நான் அனுப்பிட்டேன். அவர்தான் பதில் தரல” என்றார் திரைக்காரர்.

“என் பக்கம் சுத்தமா இருக்கு. திரைக்குப் பதிலா நானே உக்காந்து எண்களைக் கையால தட்டி அனுப்பினேன், டக்குன்னு பதில் வந்துச்சு” என்றார் கருவிக்காரர்.

“யார் பக்கமா இருந்தா எனக்கென்ன? என் பிள்ளைங்க எங்க போகும்?” என்று நர்ஸ் வெடித்தார்.

அக்கா பாதையில் போவதையே கவனித்துக்கொண்டிருந்தார். “அனுப்பறது போய்ச் சேருது. சேர்ந்தும் கருவி வாயைத் திறக்கல.” பிறகு கருவிக்காரரிடம் திரும்பினார். “கையால தட்டினேன்னீங்களே, அதே மாதிரி ஒரு தடவை தட்டுங்க.”

அவர் தட்டினார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அக்கா அவர் விரல்களைப் பார்த்தார். எண்கள் முடிந்தன. சுண்டுவிரல் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் நகர்ந்தது. அக்கா சட்டென்று மணிக்கட்டைப் பிடித்தார்.

“எங்க போறீங்க?”

“என்டர் தட்ட...”

“தட்டாதீங்க. இப்ப பதில் வருதா?”

“எப்படி வரும்க்கா? என்டர் தட்டினாத்தானே வரி முடியும். வரி முடிஞ்சாத்தானே அது...” அவர் திரைக்காரர் பக்கம் திரும்பினார்.

திரைக்காரரின் முகம் வெளுத்தது. “நான் அனுப்பறதுல வரி முடிவே இல்லையே. எண்ணை மட்டும் அனுப்பிட்டுப் பதிலுக்காகக் காத்துட்டிருக்கேன்.”

“அவரு நீங்க முடிப்பீங்கன்னு காத்துட்டிருக்காரு” என்றார் அக்கா.

நர்ஸுக்கு உடம்பு சிலிர்த்தது. புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூடப் பார்க்காமல் அல்லவா இந்த அம்மாள் கண்டுபிடித்துவிட்டார்! எத்தனையோ டாக்டர்கள் நாடி பிடித்து அவர் பார்த்திருக்கிறார். புரோகிராமுக்கு நாடி பிடித்தவரை இன்றுதான் பார்க்கிறார். கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

திரைக்காரர் வரி முடிவைச் சேர்த்தார். காலித் தொட்டிலின் கருவியில் சோதித்தார்கள். எண் போனது, பதில் வந்தது, மணியும் அடித்தது. அடுத்து ஒவ்வொரு தொட்டிலாகப் பார்த்தார்கள். எதிலும் திரை உறையவில்லை. காவலிருந்த நர்ஸ்கள் ஒவ்வொருவராக எழுந்து இடுப்பை நிமிர்த்தினார்கள்.

மேசைப் போன் அடித்தது. பிரசவ அறையிலிருந்து. “ரெண்டும் பொறந்துடுச்சு சிஸ்டர். வண்டியைக் கூப்பிடவா?”

“வேணாம். ரெண்டு பேரையும் இங்கயே கொண்டு வாங்க” என்றார் தலைமை நர்ஸ். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

“சிஸ்டர்? சிஸ்டர்? இன்னும் ஏதாவது சொல்லணுமா?”

காலால் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்த அக்கா எட்டி அந்த ரிசீவரை வாங்கினார். “அவ்ளோதான்” என்று சொல்லி, மெதுவாக வைத்தார்.