அண்ணையின் ஐந்து ஆட்டங்கள்

நான் முழந்தாளிட்டு இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, பந்து வரக் காத்திருக்கும் அந்த நொடிதான் அண்ணையை நினைக்கும்போது எனக்கு முதலில் வரும். மூன்று எட்டுத் தள்ளி அவர் நிற்பார். நான் திரும்பிப் பார்ப்பேன். அவர் நாடியைக் கொஞ்சம் தாழ்த்துவார். அதற்குப் பிறகு நடக்கும் எதையும் நிறுத்த ஏலாது.

அமெரிக்கக் கால்பந்து ஜேர்மனியிலும் சம்பளம் கொடுத்து ஆடவைக்கிற ஒரு விளையாட்டு. இரண்டு முனையும் கூர்ந்த பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடுவார்கள். சில வேளைகளில் மட்டும் ஒருவர் உள்ளே வந்து, நிலத்தில் நிறுத்திய பந்தை இரண்டு உயரக் கம்பங்களுக்கு நடுவால் உதைத்து மூன்று புள்ளி எடுப்பார். அண்ணையை அதற்காக எடுத்தார்கள். முன்னாலிருந்து பின்னுக்கு எறியும் பந்தைப் பிடித்து அவருக்காக நிறுத்துவது நான். பீலெஃபெல்ட் நகரில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அந்த ஊர் அணியில் மாற்று ஆட்டக்காரனாக இருந்தேன்.

அவர் எனக்குச் சொந்த அண்ணன் இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவருக்கு மொழிபெயர்க்க ஆள் தேவை என்று அம்மாவுக்கு யாரோ சொல்ல, அம்மா என்னை அனுப்பினார். அண்ணை அகதித் தஞ்சம் மறுக்கப்பட்டு, மூன்று மூன்று மாதமாக நீட்டித்துக் கொடுக்கும் ஒரு தாளில் வாழ்ந்துகொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு கடற்கரைக் கழகத்துக்குப் பின்வரிசையில் கால்பந்து ஆடியவர். காத்திருக்கும் அறையில் என் விளையாட்டுப் பையைப் பார்த்து விசாரித்தார். எங்கள் உதைப்பவரின் முழங்கால் அந்தக் கிழமைதான் போயிருந்தது. பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன்.

"பந்து அசையாமல் நிக்குமோ தம்பி?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, நான் பிடிச்சுக்கொண்டு நிப்பன்."

"அப்ப அடிக்கலாம்."

பயிற்சித் திடலில் முதல் நாள் அவர் உதைத்த பன்னிரண்டில் பதினொன்று கம்பங்களுக்கு நடுவால் போனது. பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பருவம் முடியும்வரை ஒப்பந்தம் கொடுத்தார்கள். ஒழுங்கான வேலை ஒப்பந்தம் ஒன்று கையில் இருந்தால் நாட்டில் தங்கப் புதிய ஆன்ட்ராக், அதாவது விண்ணப்பம், போட்டுப் பார்க்கலாம் என்று வழக்கறிஞர் சொன்னார். அன்றிலிருந்து அண்ணை உதைத்த ஒவ்வொரு பந்தும் எனக்கு வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது.

அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆட்ட நாட்களில் வெறும் பாண் மட்டும் தின்பார். சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். தன் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் போட்டு விளையாட்டுப் பைக்குள்ளேயே கொண்டு வருவார். அகதி முகாம் அறையில் விட்டுவிட்டு வர அவருக்குப் பயம். அலுவலகத்திலிருந்து மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் பிரிக்காமல் என்னிடம் நீட்டுவார். நான் வாசித்து முடிக்கும்வரை என் கண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பார். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, முகத்தைக் காட்டாமல் வாசிக்கப் பழகிக்கொண்டேன்.

நான்கு ஆட்டங்களில் அவர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. சனம் எழுந்து நின்று கைதட்டும்போது தனக்கில்லை என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு ஓரத்துக்கு ஓடிவருவார்.

ஐந்தாவது ஆட்டம் வெளியூரில். கடைசி நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்னால் நின்றோம். முப்பது கஜத் தூரம்தான், அவருக்கு அது ஒன்றுமில்லை. நாடியைத் தாழ்த்தினார். பந்து கொஞ்சம் தாழ்வாக வந்தது. பிடித்துவிட்டேன். பந்தின் ஒரு பக்கத்தில் தடித்த நூலால் போட்ட தையல் இருக்கும். அது உதைப்பவரின் காலுக்கு மறுபக்கம் பார்க்கும்படி திருப்பி நிறுத்துவதுதான் என் வேலையே. திருப்ப நேரம் இருந்தது. பதற்றத்தில் திருப்பவில்லை. தையலில் கால் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. பந்து இடது கம்பத்துக்கு வெளியே போனது.

திரும்பும் பேருந்தில் அண்ணை எனக்குப் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஊர் வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை அணி மேலாளர் கூப்பிட்டார், அண்ணையையும் மொழிபெயர்க்க என்னையும். மேசையில் ஒப்பந்தத்தை முடிக்கும் கடிதம் கிடந்தது. அமெரிக்காவிலிருந்து புதிய உதைப்பவர் ஒருவர் வருகிறார் என்றார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு, "அந்த உதையில் என்ன நடந்தது என்று அவரிடம் கேள். பந்தைப் பிடித்ததில் ஏதும் பிழையா?" என்றார்.

நான் தமிழில் கேட்டேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

அண்ணை என்னைப் பார்க்காமல் மேலாளரைப் பார்த்துச் சொன்னார்: "தம்பியின்ரை கையிலை பிழையில்லை. என்ரை கால்தான் சறுக்கினது. அப்பிடிச் சொல்லும்."

அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அவர்கள் குறித்துத் தரும் சந்திப்பு. ஒப்பந்தம் இன்னும் இருக்கிறதா என்று அலுவலர் கேட்டபோது, இல்லை என்பதையும் நானே மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் நீண்ட நேரம் கணினியைப் பார்த்தார். கடைசியில் இன்னொரு மூன்று மாதம் தந்தார். அந்த மூன்று மாதத்துக்குள் கூரை வேய்கிற ஒரு சிறு நிறுவனத்தில் அண்ணைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி இடம் கிடைத்தது. தொழிலைப் பழகும்வரை நாட்டில் இருக்க விட்டார்கள். பிறகு அங்கேயே வேலை. அந்த அணி அடுத்த பருவத்தில் என்னை நிறுத்தியது. நான் விளையாட்டையே விட்டுவிட்டேன்.

பல வருடங்கள் கழித்து, போன மாதம், அண்ணை நிரந்தர வதிவிட அனுமதியை எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். "என்னத்துக்கு? டொச் எனக்கு வரும்தானே" என்று சிரித்தார். என்றாலும் போனேன். அலுவலகத் தாழ்வாரத்து நாற்காலியில் இருந்தேன். உள்ளே அவர் பேசும் ஜேர்மன் மொழி கதவு வழியே கேட்டது. உச்சரிப்பு யாழ்ப்பாணம், இலக்கணம் கூரைக்காரர்களுடையது, ஆனால் தயக்கமில்லை. அட்டையோடு வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"அண்ணை, அண்டைக்குத் தையல் உங்கடை பக்கம் இருந்தது. நான் திருப்பேல்லை."

"தெரியும். என்ரை காலிலைதானே பட்டது."

"பிறகேன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உம்மையும் நிப்பாட்டினா எனக்கென்ன வரும்? அடுத்த டெர்மினுக்கு ஆர் என்னோடை வாறது?" என்றார். அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார். பிறகு, நெடுநாளாகக் கேட்க நினைத்த ஒன்றைப்போல, மெல்லக் கேட்டார்:

"அப்ப எனக்கு டொச் ஒண்டும் விளங்காது. நீர் அந்த மனிசனிட்டை என்னதான் சொன்னனீர்?"

"நீங்கள் சொன்னதைத்தான் சொன்னனான்."

"நீர் உண்மையைச் சொல்லியிருப்பீர் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்" என்றார். பிறகு, "சரி, வேலைக்குப் பிந்துது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.